‘அச்சத்தைப் போக்குவோம்’ என்கிறார்கள். நாங்கள் கேட்டது பதிலை: கூடங்குளம் முதல் டெல்டா வரை

கரைக்காற்று (இழையைத் தொடங்கியவர்)

சென்ற மாதம் என் சித்தி மகன் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தான். ஓமானில் ஒரு மீன்பிடிப் படகில் வேலை உறுதியாகி, அனுப்புகிறவரிடம் முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. காவல் சரிபார்ப்புக்குப் பிறகு வந்த கடிதத்தில் ‘பாதகமான அறிக்கை’ என்று மட்டும் இருந்தது. அலைந்து விசாரித்ததில், 2012-இல் எங்கள் கரையில் நடந்த அணு உலை எதிர்ப்புப் போராட்டத்தை ஒட்டிய வழக்கு ஒன்று அவன் பெயரில் நிலுவையில் இருப்பதாகத் தெரியவந்தது. அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. பந்தலில் தண்ணீர்க் குடம் தூக்கியதைத் தவிர அவன் வேறென்ன செய்தான் என்று எங்கள் தெருவில் யாருக்கும் நினைவில்லை.

எங்கள் ஊர் கூடங்குளத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கடற்கரைக் கிராமம். உலை பாதுகாப்பானதா என்ற விவாதம் இந்தத் தளத்திலேயே பலமுறை நடந்து முடிந்திருப்பதால், நான் இங்கே கேட்க விரும்புவது வேறு: அரசு சொல்வதை எங்கள் மக்கள் ஏன் நம்புவதில்லை? படிக்காதவர்கள், யாரோ தூண்டிவிட்டவர்கள் என்ற ஆயத்தப் பதில்களை ஒதுக்கிவைத்துவிட்டு, நடந்ததை வரிசையாகப் பாருங்கள்.

1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அடுத்த ஆண்டே சுற்றுச்சூழல் அனுமதி வந்தது; மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்ற விதியே அன்று கிடையாது என்பதால் முதல் இரண்டு உலைகளுக்கு எங்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. 1989 மே முதல் நாள் மீனவர் அமைப்புகள் நடத்திய பேரணி கன்னியாகுமரியில் முடிந்தபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. சோவியத் நாடு கலைந்தபின் இந்தத் திட்டமும் போய்விடும் என்றே எங்கள் பெரியவர்கள் நினைத்தார்கள். 1998-இல் அது திரும்ப வந்தது. 2002-இல் கான்கிரீட் போட்டார்கள்.

2011-இல் புகுஷிமா உலைகள் வெடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த சில மாதங்களிலேயே எங்கள் ஊருக்கு மேற்கே, உலையைச் சூடாக்கி ஓட்டிப் பார்க்கும் வெப்ப ஓட்டச் சோதனை தொடங்கியது. நீராவி சீறும் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. வலை பொத்திக்கொண்டிருந்த என் பெரியப்பா ஊசியை மடியில் வைத்துவிட்டு வெகுநேரம் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். இது சோதனை, இத்தனை நாள் இப்படிச் சத்தம் வரும் என்று ஒரு துண்டுச் சீட்டு வந்திருந்தால்கூட அவர் ஊசியை மறுபடி எடுத்திருப்பார்.

செப்டம்பரில் இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன்பு 127 பேர் உண்ணாவிரதம் இருந்தார்கள். மக்களின் அச்சம் நீங்கும்வரை பணிகளை நிறுத்த வேண்டும் என்று ஜெயலலிதா அமைச்சரவை தீர்மானம் போட்டது. அந்தச் சொல்லைக் கவனியுங்கள்: அச்சம். எங்களிடம் இருந்தது கேள்வி. அவர்கள் அதற்கு வைத்த பெயர் அச்சம். கேள்வி என்றால் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அச்சம் என்றால் போக்கினால் போதும். 2012 மார்ச் 18 அன்று சங்கரன்கோவில் இடைத்தேர்தல் முடிந்தது. மறுநாளே அதே அமைச்சரவை உலையைத் திறக்கலாம் என்று முடிவெடுத்து, 500 கோடி ரூபாய் வளர்ச்சித் திட்டத்தையும் அறிவித்தது. ராதாபுரம் தாலுகாவில் 144 தடை வந்தது. ஊருக்குள் பேருந்து வரவில்லை, பால் வரவில்லை.

ஆறே மாதத்தில் எங்கள் அச்சம் எப்படி நீங்கியது என்று யாராவது எனக்கு விளக்க முடியுமா?

பழைய வாரியத்தான்

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் மின்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் தம்பிக்கு நேர்ந்தது தவறு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு வழக்கின் அநீதியைக் கொண்டு ஒரு தொழில்நுட்பத்தின் மீது தீர்ப்பு எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கூடங்குளத்தின் உலைகள் செர்னோபில் வகையைச் சேர்ந்தவை அல்ல. அழுத்த நீர் உலைகள். இரட்டைக் கவசச் சுவர், மின்சாரமே இல்லாத நிலையிலும் காற்றோட்டத்தின் துணையோடு வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு, எரிபொருள் உருகினால் கீழே பிடித்துக்கொள்ளும் தொட்டி ஆகியவை அங்கே உள்ளன; 2004-இல் வந்த ஆழிப்பேரலையின் உயரத்துக்கு மேலாகவே கட்டடங்கள் நிற்கின்றன. முத்துநாயகம் தலைமையிலான 15 பேர் கொண்ட மத்தியக் குழு ஆராய்ந்தது. பிறகு மாநில அரசு தனிக் குழு அமைத்தது. அப்துல் கலாம் நேரில் வந்து பார்த்துச் சொன்னார். அதற்குப் பிறகும் நம்ப மாட்டோம் என்றால், எந்த மனிதர் சொன்னால் நம்புவீர்கள் என்பதே என் கேள்வி.

இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். 2012-இல் தமிழ்நாட்டின் பற்றாக்குறை 4,000 மெகாவாட் அளவுக்கு இருந்தது. முதல் இரண்டு உலைகளின் 2,000 மெகாவாட்டில் 925 தமிழ்நாட்டுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். கட்டி முடித்த உலை சும்மா நின்றுகொண்டிருக்க, மாவட்டங்கள் இருளில் கிடந்தன.

பட்டறைக்காரன்

இருளில் கிடந்த மாவட்டத்திலிருந்து பேசுகிறேன். கோவையில் எனக்கு ஒரு சிறு லேத் பட்டறை இருக்கிறது. மோட்டார் பம்புக்கான உதிரிபாகங்களை ஜாப் ஆர்டருக்குக் கடைந்து கொடுப்பது தொழில். 2012-இல் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் மின்சாரம் இருக்காது. எப்போது வரும் என்பதற்கும் கணக்கு இல்லாததால், ஆட்கள் பட்டறையிலேயே பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். நள்ளிரவு ஒரு மணிக்கு விளக்கு எரிந்தால் எழுந்து லேத்தை ஓட்டுவார்கள். பாதி கடைந்த துண்டில் மின்சாரம் நின்றுவிட்டால் கருவி முனை துண்டிலேயே கடித்துக்கொண்டு நிற்கும், அந்தத் துண்டு கழிவுக்குப் போக வேண்டியதுதான். டீசல் போட்டு ஓட்டினால் கூலி கட்டுபடியாகாது. உயரழுத்த இணைப்பு வைத்திருந்த பெரிய ஆலைகளுக்கு 40 சதவீத மின்வெட்டு, மாலை உச்ச நேரத்தில் தனிக் கட்டுப்பாடு. அவர்களை நம்பியிருந்த எங்களுக்கு ஆர்டரே வரவில்லை. சென்னையில் மட்டும் ஒன்றிரண்டு மணி நேர வெட்டோடு சரி.

அன்று எனக்கு இடிந்தகரைக்காரர்கள் மீது கடும் கோபம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் தம்பி, உங்கள் பதிவைப் படித்தபோது ஒன்று உறைத்தது. நாங்களும் போராடினோம். சாலையில் உட்கார்ந்து போக்குவரத்தை நிறுத்தினோம், அரசைத் திட்டினோம். காவலர்கள் எங்களை வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்து, மதியம் தக்காளிச் சாதம் கொடுத்து, ஆறு மணிக்குப் பெயரெழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அதில் இருந்த என் மகன் பிறகு ஜெர்மனிக்கு வேலைக்குப் போனான். அவனுடைய கடவுச்சீட்டை எவரும் தடுக்கவில்லை. இரண்டு ஊருமே மின்சாரத்தை ஒட்டித்தான் தெருவுக்கு வந்தன. ஒன்றுக்குத் தக்காளிச் சாதம், மற்றொன்றுக்குத் தேசத் துரோக வழக்கு. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்று பொறியாளர் ஐயா சொல்லட்டும்.

உரக்கச்சொல்பவன்

காரணம் வெளிப்படையானது. உங்கள் பட்டறைப் போராட்டத்தில் வெளிநாட்டுப் பணம் இல்லை, கூடங்குளத்தில் இருந்தது. இதைச் சொன்னவர் தெருமுனைப் பேச்சாளர் அல்லர், அன்றைய பிரதமர் மன்மோகன் சிங்.

கீழ்க்கோர்ட்டு

2012 பிப்ரவரியில் ஓர் அறிவியல் இதழுக்கு அளித்த பேட்டியில், பெரும்பாலும் அமெரிக்காவைச் சார்ந்த தொண்டு நிறுவனங்கள் இதன் பின்னால் இருப்பதாக அவர் கூறியது உண்மைதான். அதே மாதம் நாகர்கோவிலில் தங்கியிருந்த ஜெர்மானியர் ஒருவரை நாட்டை விட்டு அனுப்பினார்கள். சில தொண்டு நிறுவனங்களின் வங்கிக் கணக்குகளையும் முடக்கினார்கள். பணம் வந்து போராட்டத்துக்குச் செலவானது என்று மெய்ப்பித்து எந்த நீதிமன்றத்திலாவது தண்டனை வாங்கிக் கொடுத்தார்களா என்பதே ஒரு வழக்கறிஞராக நான் கேட்கக்கூடியது. ஒரு நாட்டின் பிரதமர் வாயிலிருந்து வந்த சொல், கட்டுமரத்தில் போய்வந்து தன் வருமானத்தில் ஒரு பங்கைப் பந்தலுக்குக் கொடுத்த மனிதனின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்றும் யோசியுங்கள். தன் கையால் எண்ணிக் கொடுத்த பணத்தை அந்நியப் பணம் என்று சொல்லும் அரசு, கதிர்வீச்சைப் பற்றி உண்மை பேசும் என்று அவன் ஏன் நம்ப வேண்டும்?

பட்டறைக்காரர் கேட்டதற்கு வருகிறேன். மூத்த பத்திரிகையாளர் சாம் ராஜப்பா தலைமையிலான உண்மை அறியும் குழு 2012-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2011 செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான நான்கு மாதங்களுக்குள் கூடங்குளம் காவல் நிலையத்தில் 107 முதல் தகவல் அறிக்கைகள் பதிவாகின. அவற்றில் 55,000-க்கும் மேற்பட்டோர் குற்றம் சாட்டப்பட்டிருந்தார்கள். 6,000-க்கும் மேற்பட்டோர் மீது தேசத் துரோகம், அரசுக்கு எதிராகப் போர் தொடுத்தல் ஆகிய பிரிவுகள் பாய்ந்திருந்தன. அந்த வட்டாரத்தின் ஊர்களை எல்லாம் கூட்டினாலும் வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்தால்தான் இந்த எண்ணிக்கை நிறையும் போலிருக்கிறது.

இந்த எண்ணிக்கை எப்படி வருகிறது என்பதைத் தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பத்துப் பேரின் பெயரை எழுதுவார்கள். அதன் கீழே ‘மற்றும் 2,000 பேர்’ அல்லது ‘மற்றும் பலர்’ என்று ஒரு வரி சேர்ப்பார்கள். அந்த ஒரு வரிதான் ஆயுதம். நாளைக்கு யாரைப் பிடித்தாலும் அந்தப் ‘பலர்’ என்ற சொல்லுக்குள் அவரை உட்கார வைக்கலாம். யாரும் சிறைக்குப் போக வேண்டிய தேவையே இல்லை. வழக்கு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே ஓர் ஊர் முழுவதும் பத்தாண்டு காலம் குரலைத் தாழ்த்திப் பேசும். கேதார்நாத் சிங் வழக்கில் 1962-லேயே உச்ச நீதிமன்றம், வன்முறையைத் தூண்டினாலொழிய அரசை விமர்சிப்பது தேசத் துரோகத்துக்கான 124-ஏ பிரிவுக்குள் வராது என்று வரையறுத்துவிட்டது. அது சட்டக் கல்லூரியில் படிக்கிற தீர்ப்பு. காவல் நிலையத்தில் எழுதுகிற கைக்கு அது எட்டுவதில்லை.

கரைக்காற்று

‘மற்றும் பலர்’ என்பதை எங்கள் ஊரில் ஒரு வசைச் சொல்லாகவே பயன்படுத்துகிறார்கள். யாராவது வேலை செய்யாமல் சும்மா இருந்தால் ‘இவன் மற்றும் பலர்’ என்பார்கள்.

2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் கண்ணீர்ப் புகைக் குண்டு வீசினார்கள், மக்கள் கடலுக்குள் ஓடினார்கள். அதே நாள் மணப்பாட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் இறந்தார். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் முடிவதில்லை என்பதால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பொறியாளர் ஐயாவுக்கு ஒரு பதில். எந்த மனிதர் சொன்னால் நம்புவீர்கள் என்று கேட்டீர்கள். மனிதர் யாரும் வேண்டாம் ஐயா, காகிதம் போதும். பாதுகாப்பு ஆய்வறிக்கையையும் இடத் தேர்வு அறிக்கையையும் கேட்டு, எங்கள் போராட்டத்தை முன்னின்று நடத்திய உதயகுமார் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்தார். 2012 ஏப்ரலில் மத்தியத் தகவல் ஆணையம் அவற்றைக் கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டது. உலையை நடத்தும் அணுமின் கழகம் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. குழு மேல் குழு அனுப்பி எங்களை நம்பச் சொன்னவர்கள், அந்தக் குழுக்கள் எதைப் படித்து நம்பினவோ அதை எங்களுக்குக் காட்டவில்லை.

வெண்ணாறு

இந்த இழையில் டெல்டாக்காரன் ஒருவன் பேசாவிட்டால் பாதிக் கதைதான் ஆகும் என்பதால் எழுதுகிறேன். திருவாரூர் பக்கம், மூன்று ஏக்கர், குறுவையும் சம்பாவும்.

எங்களுக்கு உலை வரவில்லை. வயலுக்கு அடியில் இருப்பதை எடுக்க வந்தார்கள். 2011 ஜனவரியில் மன்னார்குடி வட்டாரத்தில் 691 சதுர கிலோமீட்டரில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க மாநில அரசு ஒரு தனியார் நிறுவனத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. ஒப்பந்தம் ஆனது எங்கள் ஊராட்சித் தலைவருக்கே தெரியாது. நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக வந்து, நிலத்தடி நீரை வெளியே இறைத்தால்தான் மீத்தேன் மேலே வரும், நீர் போனபின் நெல் எங்கே என்று திண்ணையில் உட்கார்ந்து சொன்னார். அவர் இறந்ததும் அந்தப் பரப்புரைக்கு நடுவேதான், 2013 டிசம்பர் 30 அன்று.

2017 பிப்ரவரியில் நெடுவாசல் என்ற பெயரைப் புதுக்கோட்டைக்கு வெளியே பலர் முதல்முறையாகக் கேட்டார்கள். சிறு எண்ணெய்-எரிவாயு வயல்களைக் குத்தகைக்கு விடும் பட்டியலுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருந்தது. ஊர்க்காரர்கள் அதைச் செய்தியில் பார்த்து மறுநாளே பந்தல் போட்டார்கள். அதே ஆண்டு ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் கச்சா எண்ணெய் நின்றது. மாவட்ட ஆட்சியர் வரும்வரை நகர மாட்டோம் என்று உட்கார்ந்த மக்களுக்குத் தடியடியும், மீத்தேன் எதிர்ப்பு இயக்கத்தின் பேராசிரியர் ஜெயராமன் உள்ளிட்டோருக்குச் சிறையும் கிடைத்தன. குழாய் ஏன் கசிந்தது என்ற விளக்கத்தைவிட, மக்கள் ஏன் கூடினார்கள் என்ற விசாரணைதான் விரைவாக நடந்தது. அந்த ஜூலையில் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த ஒரு மாணவி மீது குண்டர் சட்டமே போட்டார்கள். உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ய இரண்டு மாதம் ஆனது.

இப்போது அரசின் இன்னொரு முகம். 2020 ஜனவரி 16 அன்று மத்திய அரசு, எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று விதியைத் திருத்தியது. ஒரு மாதம் கழித்து மாநில அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் இயற்றியது. ஒரு கை கதவைத் திறக்கிறது, இன்னொரு கை வாசலில் கோலம் போடுகிறது. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் கிணறுகளை அந்தச் சட்டம் தொடாது. திருச்சி, அரியலூர், கரூர் மாவட்டங்கள் அதற்குள் வரவில்லை. இருந்தாலும் நான் அந்தச் சட்டத்தைக் குறைசொல்ல மாட்டேன். 2023-இல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு என்று மூன்று நிலக்கரி வட்டாரங்கள் ஏலப் பட்டியலில் வந்தபோது, அந்தச் சட்டம்தான் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பாக இருந்தது. சட்டமன்றத்தில் எல்லாக் கட்சியும் எதிர்த்தன. சில நாளிலேயே ஒன்றிய அமைச்சர் அவற்றை நீக்கச் சொல்லிவிட்டார்.

வென்றோம் என்று பட்டாசு வெடித்தார்கள். நான் போகவில்லை. இத்தனை எளிதாக நீக்கக்கூடியதை, சேர்ப்பதற்கு முன் ஒரு கடிதம் போட்டு மாநிலத்தைக் கேட்டிருக்கலாம் அல்லவா?

பழைய வாரியத்தான்

நான் உங்கள் மூவரின் பதிவுகளையும் இரண்டு முறை படித்தேன். என் தரப்பிலிருந்து சிலவற்றை ஒப்புக்கொள்ளாமல் விவாதத்தைத் தொடர்வது நாணயமாகாது.

1962-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு தகவலைத் தடுப்பதற்குப் பரந்த அதிகாரம் கொடுத்தது. அதன் நிழலில் வளர்ந்த துறைக்கு ‘ரகசியம்’ என்பது முத்திரை மட்டுமன்று, பழக்கம். கழிவறைக்குக் குழாய் மாற்றிய கோப்பையும் வெளியே காட்டத் தயங்குகிற அலுவலர்களை நான் பார்த்திருக்கிறேன். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், தான் கண்காணிக்க வேண்டிய துறையின் கீழேயே இருந்ததைக் கணக்குத் தணிக்கைத் துறை 2012-லேயே கண்டித்தது. அதைத் தன்னாட்சி அமைப்பாக்கக் கொண்டுவந்த மசோதா காலாவதியாகிப் போனது.

2019 அக்டோபரில் நடந்தது எனக்கே தலைகுனிவு. கூடங்குளத்தின் கணினி அமைப்பில் வைரஸ் போன்ற தீநிரல் புகுந்ததாகச் செய்தி வந்தது. அப்படியொரு தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்று நிலையம் அறிக்கை விட்டது. மறுநாள், நிர்வாகப் பணிக்கான இணையத்தோடு இணைந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்தது உண்மைதான், உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு அதிலிருந்து தனியானது என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. இரண்டாவது அறிக்கையில் இருந்த செய்தி முழுக்க ஏற்கத்தக்கது. கட்டுப்பாட்டு அமைப்பு தனியானதுதான். அதையே முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு வரிச் செய்தியாகக் கடந்து போயிருக்கும். பொறியியலில் ஒரு தவறும் நிகழாத இடத்தில், ஓர் அறிக்கை எழுதுகிறவர் பல ஆண்டு நம்பிக்கையைக் கெடுத்துவிட்டார்.

ஆயினும் என் அடிப்படைக் கேள்வி நிற்கிறது. அணு வேண்டாம், நிலக்கரி வேண்டாம், எரிவாயு வேண்டாம் என்றால் மின்சாரம் எங்கிருந்து வரும்? காற்றாலை ஆடிக் காற்றில் கொட்டும், தை மாதத்தில் படுத்துவிடும். சூரியன் மாலை ஆறு மணிக்குப் போய்விடும், நம் தேவை உச்சத்தைத் தொடுவதோ அதற்குப் பிறகு. எல்லாவற்றுக்கும் ‘கூடாது’ என்று சொல்வதும் ஒரு கொள்கை ஆகாது.

வெண்ணாறு

ஐயா, நான் எல்லாவற்றுக்கும் கூடாது என்று சொல்லவில்லையே. என் மோட்டார் ஓடுவதும் மின்சாரத்தில்தான். கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்பதை நீங்களும் ‘கூடாது’ என்றே கேட்கிறீர்கள்.

பட்டறைக்காரன்

பொறியாளர் ஐயா காற்றையும் சூரியனையும் பற்றிச் சொன்னதால் ஒன்றைச் சேர்க்கிறேன். பசுமை மின்சாரம் என்றாலும் அது கம்பி வழியாகத்தான் வர வேண்டும். கம்பிக்குக் கோபுரம் வேண்டும். கோபுரம் யாருடைய தோட்டத்திலாவது நின்றாக வேண்டும். ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கிலோவோல்ட் பாதை வந்த காலத்தில் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து உழவர்கள் நடத்திய உண்ணாவிரதங்கள் பலருக்கு நினைவிருக்கும்.

வேறொரு பாதைக்காக என் அண்ணன் தோட்டத்தில் ஒரு நாள் காலையில் நான்கு முளைக்கம்பு அடித்திருந்தது. பாத்தி கட்டப் போன அண்ணி பார்த்துவிட்டு, யாரோ மாட்டைக் கட்ட அடித்த கம்பு என்று ஒன்றைப் பிடுங்கி வேலியில் எறிந்துவிட்டார். பத்து நாள் கழித்து, அரசுப் பணிக்கு இடையூறு செய்ததாக அண்ணனுக்கு நோட்டீஸ் வந்தது. நிலத்தைக் கையகப்படுத்தவில்லை, ஆகவே சம்மதம் தேவையில்லை என்றார்கள். கேட்டால் 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் என்றார்கள். வெள்ளைக்காரன் தந்திக் கம்பம் நடுவதற்காக எழுதிக்கொண்ட அதிகாரத்தை, மின்சாரச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு வழியாக நூற்றைம்பதடி உயரக் கோபுரத்துக்கும் பயன்படுத்தினார்கள். பதினொரு தென்னை போனது. பணம் கொடுத்தார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். அந்தத் தோட்டத்தின் மீது இன்று வங்கி கடன் தரத் தயங்குகிறது என்பதற்கு எந்தச் சட்டத்திலும் இழப்பீடு இல்லை.

2012-இல் உலையைத் திற என்று கத்திய அதே ஆள்தான் இதை எழுதுகிறேன். அரசின் மேல் எனக்கு நம்பிக்கை போனது அணுவால் அன்று, அந்த முளைக்கம்பால்.

உரக்கச்சொல்பவன்

சரி, நீதிமன்றம் இருக்கிறதே. உச்ச நீதிமன்றம் உலை வேண்டும் என்று தீர்ப்பளித்துவிட்ட பிறகும் இதைக் கிளறிக்கொண்டிருப்பது எதற்கு?

கீழ்க்கோர்ட்டு

2013 மே 6 அன்று வந்த தீர்ப்பைச் சொல்கிறீர்கள். அதைத் திறக்கலாம் என்ற வரியோடு மூடி வைத்துவிடாமல் கடைசிப் பக்கங்களையும் படியுங்கள். பதினைந்து வழிகாட்டுதல்களை நீதிமன்றம் அளித்தது. பகுதி மக்களுக்கு அமைதி திரும்புவதற்காகப் போராட்டக்காரர்கள் மீதான குற்ற வழக்குகள் அனைத்தையும் திரும்பப் பெற முயற்சி எடுக்க வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. தீர்ப்பின் ஒரு பாதி இரண்டே மாதத்தில் நிறைவேறியது. 2013 ஜூலையில் முதல் உலை இயங்கத் தொடங்கிவிட்டது. மறு பாதிக்குச் சில வழக்குகள் அப்போது, மற்றவை பிறகு என்று இழுத்து, 2021 ஜூனில் சட்டமன்றத்தில் மறுபடியும் ஓர் அறிவிப்புத் தேவைப்பட்டது. அதே தீர்ப்பு, எரிந்த எரிபொருளை உலைக்கு வெளியே சேமிக்கும் கிடங்கை ஐந்தாண்டில் கட்டச் சொன்னது. கழகம் கூடுதல் அவகாசம் கேட்டது. 2019 ஜூலையில் அதற்காக ராதாபுரத்தில் நடக்க வேண்டிய கருத்துக் கேட்புக் கூட்டத்தையும் தள்ளிவைத்துவிட்டார்கள்.

இப்போது கரைக்காற்றுக்கு, பயனுள்ள ஒன்றைச் சொல்கிறேன். 1967-ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டத்தின் 6(2)(f) பிரிவு, நீதிமன்றத்தின் முன் குற்ற நடவடிக்கை நிலுவையில் இருந்தால் மறுக்கலாம் என்கிறது. முதல் தகவல் அறிக்கை மட்டும் இருந்து, குற்றப் பத்திரிகையை நீதிமன்றம் கோப்பில் எடுக்கவில்லை என்றால், நிலுவை என்று சொல்ல முடியாது என்று உயர் நீதிமன்றங்கள் பலமுறை கூறியிருக்கின்றன. நிலுவையில் இருந்தாலும், அந்த நீதிமன்றத்தின் அனுமதி ஆணையோடு விண்ணப்பிக்க 1993-ஆம் ஆண்டு அறிவிக்கை வழி தருகிறது. ஆகவே முதலில் குற்ற எண்ணைக் கண்டுபிடியுங்கள். 2021 அறிவிப்பில் அடங்கிய வழக்காக இருந்தால், திரும்பப் பெற்றதற்கான நீதிமன்ற ஆணை எங்காவது ஒரு கட்டில் இருக்கும்; அது காவல் நிலையப் பதிவேட்டில் ஏறாமல் விட்டிருக்கலாம். இப்படி நான் நான்கைந்து பார்த்துவிட்டேன்.

பழைய வாரியத்தான்

கரைக்காற்று அவர்களே, உங்கள் ஊராட்சி அலுவலகத்தின் முன் கதிர்வீச்சு அளவைக் காட்டும் பலகை இருக்கிறதா? நிலையத்தைச் சுற்றிய அளவீடுகளை எடுக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

கரைக்காற்று

எடுக்கிறார்கள் ஐயா. வண்டியில் வந்து மீனும் தண்ணீரும் மண்ணும் கொண்டுபோவதைச் சிறு வயதிலிருந்து பார்க்கிறோம். என் அம்மா ஒருமுறை, போன தடவை கொண்டுபோன சாளை மீனில் என்ன இருந்தது என்று அந்த வண்டிக்காரரிடம் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே, ‘ஒண்ணும் இல்லம்மா, பயப்படாதீங்க’ என்றார். எண் கேட்டவருக்கு ஆறுதல் கிடைத்தது. எங்கள் ஊரில் உலையைப் பற்றி நடந்த உரையாடல் முழுவதும் அந்த இரண்டு வரிதான்.

மூன்றாவது, நான்காவது உலைகளின் வேலை 2017-லும், ஐந்தாவது, ஆறாவது 2021-லும் தொடங்கிவிட்டன. பந்தல் இப்போது இல்லை. அந்த இடத்தில் பிள்ளைகள் கைப்பந்து விளையாடுகிறார்கள். எதிர்ப்பு அடங்கியதை நம்பிக்கை வந்ததாக எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

வழக்கறிஞர் அண்ணாச்சி சொன்னபடி நேற்றுப் போய்க் குற்ற எண்ணை வாங்கிவிட்டேன். இரண்டாம் நாள்தான் கொடுத்தார்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலையும் பார்த்தேன். பதினான்கு பெயர்கள் இருக்கின்றன, தம்பியின் பெயர் அவற்றில் இல்லை. பதினான்காவது பெயருக்குக் கீழே ‘மற்றும் பலர்’ என்று இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் அவன் பெயரைப் பிறகு வேறு மையில் சேர்த்திருக்கிறார்கள்.

கீழ்க்கோர்ட்டு

வேறு மை என்பதை யாரிடமும் வாயால் சொல்ல வேண்டாம். சான்றளிக்கப்பட்ட நகலுக்கு நீதிமன்றத்தில் மனு போடுங்கள். காவல் நிலையத்தில் உள்ளதற்கும் நீதித்துறை நடுவருக்கு அன்று அனுப்பியதற்கும் வேறுபாடு இருந்தால் அதுவே போதும். திங்கட்கிழமை என்னைத் தனிச் செய்தியில் அழையுங்கள். மனுவை நான் எழுதித் தருகிறேன்.

பட்டறைக்காரன்

தம்பி, ஓமான்காரர் எத்தனை நாள் பொறுப்பார் என்று கேட்டு எழுதுங்கள். முன்பணம் போய்விடும் என்றால் அதையும் சொல்லுங்கள், பார்க்கலாம்.